நைலான் தந்திக்கு மாறும் கை

ஸ்டீல் தந்தி கிதாரில் நன்கு பழகிய கை, கிளாசிக்கல் கிதாரில் முதலில் தடுமாறுவது கழுத்தின் அகலத்தில்தான். அங்கே நட் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர், இங்கே 52. இடையில் 48 மில்லிமீட்டரில் ‘கிராஸ்ஓவர்’ கிதார்கள் உண்டு, கைக்கு உடனே இணங்கும். ஆனாலும் முழு அகலத்தையே வாங்கச் சொல்வேன். வலக்கை விரல்கள் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்ட அந்த இடைவெளி வேண்டும்.

காசைப் போடவேண்டிய இடம் மேல்பலகை. 1862இல் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ், முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் மரம் வைத்து ஒரு கிதார் படைத்தார். ஒலியின் உயிர் எங்கே என்று காட்ட! எத்தனை துணிச்சல்! பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஆகவே மேல்பலகை ஒட்டுப்பலகையாக இருக்கக்கூடாது. சீடார் முதல் நாளே கனிந்து ஒலிக்கும். ஸ்ப்ரூஸ் வாசிக்க வாசிக்கத் திறக்கும். எனக்கு ஸ்ப்ரூஸ்தான்.

கடையில் பிக்கைத் தொடாதீர்கள். முதல் தந்தியில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டை ஒட்டி, விரலால் மெல்ல மீட்டுங்கள். சுமாரான கிதார் அங்கேதான் மெலிந்துபோகும். நல்லதில் ஸ்வரம் உருண்டு நிற்கும்.

வாங்கியபின் ஸ்டீல் தந்தியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த இழுவையில் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.