புரோக்கர் கூட்டிவரும் வக்கீல்

பூந்தமல்லிக்கு மெட்ரோ, பட்டாபிராமில் டைடல் பூங்கா என்று பேச்சு வலுத்ததிலிருந்து சென்னையின் மேற்குப் புறநகரில் மனை விளம்பரத் தட்டிகளுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘லீகல் கிளியர், வங்கிக் கடன் வசதி உண்டு’. இதோடு ஓர் அறிவுரையும் பரவியிருக்கிறது. வீடு வாங்குகிறவர் பாரிமுனை வரை அலைந்து ஹைகோர்ட் வக்கீலைப் பிடிக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் வீட்டுக்கு அம்பத்தூர் வக்கீலிடமும் ஆவடி மனைக்கு ஆவடி வக்கீலிடமும் லீகல் பார்த்தால் போதும். அந்த இடத்தின் கதை அவருக்குத்தான் தெரியும். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை பலரைக் கொண்டுபோய்ச் சிக்கலில் விடுகிறது என்பது என் நெடுநாளைய கருத்து.

உள்ளூர் வக்கீலின் அறிவு பொய்யில்லை. அம்பத்தூரில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய தாய்ப்பத்திரம் ஒன்றைப் பிரித்தால் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா என்றிருக்கும். 1997க்குப் பிறகு அதே நிலம் திருவள்ளூர் மாவட்டம். 2018லிருந்து சென்னை மாவட்டம். கிராம சர்வே எண் டவுன் சர்வேயில் வேறு எண்ணாகிவிட்டது. பதிவு அலுவலகங்களின் எல்லைகளும் இடையில் மாறின. ஓர் அலுவலகத்தில் மட்டும் ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றுக்குப் போட்டால் பாதிக் காலம் விட்டுப்போகலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனும் நில ஆவணப் புதுப்பிப்பில் யார் பெயர் யாருடைய பட்டாவில் ஏறியது, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி ஆகியவற்றின் பழைய எல்லை எதுவரை, ஆவடியில் பாதுகாப்புத் துறை நிலம் எங்கே முடிகிறது, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தபோது சிக்கிய லேஅவுட்கள் எவை, பிறகு எவை வரன்முறை பெற்றன என்பதையெல்லாம் வெளியூர் வக்கீல் தோண்டித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு இவை மனப்பாடம்.

ஆனால், இந்த அறிவு வாங்குபவரின் கைக்கு வந்து சேருகிறதா? நடப்பில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். வீடு பிடித்துப்போகிறது, அட்வான்ஸ் கொடுத்தாகிறது. ‘லீகல் பார்க்கணுமே’ என்கிறார் வாங்குபவர். “நம்ம வக்கீல் இருக்காரு சார், இந்த ஏரியா லீகல் எல்லாம் அவர்தான் பாக்குறாரு, நாளான்னிக்கே ஒப்பினியன் குடுத்துடுவாரு” என்கிறார் புரோக்கர். அந்த ‘நம்ம’வுக்குள் வாங்குபவர் இல்லை. வக்கீலின் அறைக்கு ஃபைலைக் கொண்டுபோவது புரோக்கர். இந்த மாதம் இன்னும் நாலு ஃபைல் கொண்டுவரப்போவதும் அவர்தான். வாங்குபவரோ வாழ்நாளில் ஒரு வீடு வாங்குகிறவர், அந்தப் படியை இன்னொரு முறை ஏறப்போவதில்லை. பத்திரம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். ‘இதை வாங்காதீர்கள்’ என்று எழுதும் வக்கீலுக்கு அடுத்த ஃபைல் வராது. யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, லஞ்சமும் தேவையில்லை. இந்த ஏற்பாடே வக்கீலின் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.

புரோக்கர் இந்த இடத்துக்கு வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இணையத்தளங்கள் மூலம் வக்கீல்கள் ஆள் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல் தொழில் கடைச்சரக்காகக் கூடாது என்ற அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் எந்த வக்கீல் நிலப் பத்திரங்களில் தேர்ந்தவர், எவ்வளவு கட்டணம், எத்தனை வருட அனுபவம் என்று ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள நேர்வழி இல்லாதபோது, வாய்வழிச் சிபாரிசு ஒன்றே வழியாகிறது. புறநகரில் அந்த வாய் புரோக்கருடையது, அல்லது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருடையது.

திருமுல்லைவாயலில் ஒரு தனி வீடு வாங்கிய நண்பர், தனக்குக் கிடைத்த லீகல் ஒப்பினியனை என்னிடம் காட்டினார். ஆங்கிலத்தில் ஏழு பக்கம். ஐந்து பக்கம் ஆவணங்களின் பட்டியல்: கிரையப் பத்திரம், பாகப்பிரிவினை, ஈசி, பட்டா, சொத்துவரி ரசீது. ஆறாவது பக்கத்தில், தன்னிடம் கொடுக்கப்பட்ட நகல்களை மட்டுமே பார்த்து இந்தக் கருத்தைத் தருவதாக ஒரு வரி. ஏழாவது பக்கத்தில் உரிமை தெளிவாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம் என்று முடிந்தது. பட்டியலின் நடுவில் இருந்த இரண்டு ஆவணங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்திருந்தால் போதும். ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் 1968இல் நிலம் வாங்குகிறார். உயில் எழுதாமல் இறக்கிறார். 1987இல் இரண்டு மகன்கள் மட்டும் பாகப்பிரிவினை எழுதிக்கொள்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் ஃபைலில் இல்லை. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நிலத்தில் மனைவிக்கும் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. மகள்கள் இருந்தார்களா என்று அந்த ஏழு பக்கங்களில் ஒரு கேள்விகூட இல்லை.

இருந்தார்கள், இரண்டு பேர். பாகப்பிரிவினை வழக்கின் சம்மன் வீட்டுக்கு வந்த பிறகு நண்பர் அந்த வக்கீலிடம் போய் நின்றார். “அந்த வீட்ல பொண்ணுங்க உண்டு சார், எனக்குத் தெரியும். அவங்க இத்தனை வருஷமா கேக்கலையே, கேக்க மாட்டாங்கன்னுதான் நெனச்சேன்” என்றாராம். உள்ளூர் அறிவு என்று போற்றப்படுவதன் உண்மை முகத்தை நான் அந்தப் பதிலில்தான் கண்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குடும்பம் தெரியும், மகள்களைத் தெரியும், அவர்களுடைய குணம்கூடத் தெரியும். தெரிந்தது எதுவும் காகிதத்துக்கு வரவில்லை. பாரிமுனையிலிருந்து வந்த வக்கீலாக இருந்திருந்தால் ஒன்றும் தெரியாத காரணத்தாலேயே வாரிசுச் சான்றிதழைக் கேட்டிருப்பார்.

‘இதே ஊரில் தொழில் செய்கிறவர், பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்’ என்பது இந்த அறிவுரையின் கடைசித் தூண். பெயர் யாரிடம் கெடும் என்று யோசிக்க வேண்டும். வில்லங்கம் வெளியே வரப் பத்து வருடம் ஆகலாம். வாங்கியவர் தன் ஏமாற்றத்தை வெளியில் சொன்னால் வீட்டின் விலை விழும் என்று வாயை மூடிக்கொள்வார். ஆனால் ஒரு வியாபாரத்தை நிறுத்திய வக்கீலின் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் திருவேற்காட்டிலிருந்து திருநின்றவூர் வரை புரோக்கர்களிடையே பரவிவிடும்.

வக்கீல் ஏன் இவ்வளவு முக்கியம்? வேறு யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்கப்போவதில்லை என்பதால்தான். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ(1) விதியைச் செல்லாததாக்கியது. ஈசியில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். உயிலைப் பதிய வேண்டிய கட்டாயமில்லை. பதியாத உயில் ஈசியில் தெரியாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை தெரியாது, நடக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது, கேட்காத மகள்களும் தெரியமாட்டார்கள். ஐம்பது லட்சம் ரூபாய்க்குப் பழைய வீடு ஒன்றைப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று நாலரை லட்சம் அரசுக்குப் போகிறது. அதில் ஒரு ரூபாய்கூட உரிமைக்கு உத்தரவாதம் அல்ல. உரிமையைச் சோதிக்கும் ஒரே ஆளுக்குச் சில ஆயிரங்கள் கொடுக்கிறோம். அந்த ஆளையும் விற்பவர் தரப்பு கூட்டிவருகிறது.

‘பேங்க் லீகல் பார்த்துவிட்டது, அப்புறம் என்ன?’ என்பவர்களும் உண்டு. வங்கியின் பேனல் வக்கீல் வங்கியின் வக்கீல். கட்டணம் கடன் வாங்குகிறவரின் கணக்கில் பிடிக்கப்பட்டாலும் அறிக்கை மேலாளரின் பெயருக்குத்தான் போகிறது. பல நேரம் வாங்குபவர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வங்கி கவலைப்படுவது தன் கடன் தொகைக்கு மட்டும். அதற்கு உங்கள் சம்பளமும் பிணையாக இருக்கிறது. வீடு கைவிட்டுப் போனாலும் தவணை நிற்காது.

தவறு நடந்த பின் போக்கிடமும் குறைவு. பேனல் வக்கீல் தவறான கருத்துக் கொடுத்ததை மட்டும் வைத்து, மோசடிக்காரர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்ததற்கான ஆதாரம் இல்லாமல், குற்றவழக்கில் சேர்க்க முடியாது என்று நாராயண ராவ் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஃபிரிட்ஜ் பழுதானால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம்; லீகல் ஒப்பினியன் பழுதானால் போக முடியாது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சிவில் வழக்குப் போடலாம். ஏற்கெனவே ஒரு வழக்கில் மாட்டியிருப்பவருக்கு இன்னொரு வழக்கு.

இங்கிலாந்திலும் உள்ளூர் சொலிசிட்டரா, தொலைவில் இருக்கும் பெரிய நிறுவனமா என்ற விவாதம் உண்டு. ஆனால் அங்கே அது வசதி பற்றிய விவாதமாக இருக்கக் காரணம், அடியில் போடப்பட்டிருக்கும் தளம். பரிந்துரைத்த தரகருக்குப் பணம் கொடுத்தால் வக்கீல் அதைக் கட்சிக்காரரிடம் சொல்லியாக வேண்டும். தொழில் தவறுக்கான காப்பீடு கட்டாயம். நிலப்பதிவேட்டின் பிழையால் இழப்பு வந்தால் அரசு ஈடு கொடுக்கிறது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத இடத்தில் ‘பக்கத்தில் இருப்பவரைப் பார்’ என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

எல்லா உள்ளூர் வக்கீலும் அப்படியா என்று கேட்பார்கள். புரோக்கரின் ஃபைலைத் தொடமாட்டேன் என்று இருப்பவர்களை நான் அறிவேன். பெரும்பாலும் அவர்கள் பத்திரப் பதிவை நம்பிப் பிழைக்காதவர்கள். பூந்தமல்லி நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவர்கள். எந்த சர்வே எண்ணில் யார் யார் மோதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கேஸ் கட்டுகளின் வழியாகவே அவர்களுக்குத் தெரியும். ஒரு கிரையம் நின்றுபோனால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. உள்ளூர் அறிவு வேண்டுமானால் அங்கே போய்க் கேட்பதுதான் சரி.

ஆக, வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு வெகு முன்பே, வக்கீலைப் பிடிக்க வேண்டும். புரோக்கரோ பில்டரோ பத்திர எழுத்தரோ சொன்ன பெயராக இருக்கக் கூடாது. கட்டணத்தை வாங்குபவரே நேரில் கொடுத்து ரசீது பெற வேண்டும். ஈசியை அவரே பதிவுத்துறை இணையத்தளத்தில் எடுக்கலாம். கணினியில் இல்லாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் கையால் தேடித் தர மனு போடலாம். ஒவ்வொரு இறப்புக்கும் வாரிசு யார் யார் என்று வக்கீலிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இது குடும்பங்கள் செய்ய வேண்டியது. பார் கவுன்சில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு லீகல் ஒப்பினியனின் முதல் பக்கத்திலும் இந்த ஃபைலைக் கொண்டுவந்தது யார், கட்டணம் கொடுத்தது யார், இதே சொத்தில் விற்பவருக்கும் வேலை செய்கிறேனா என்ற மூன்றுக்கும் வக்கீல் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரலாம். விளம்பரத்தைத் தடுக்க இத்தனை அக்கறை காட்டிய அமைப்பு இதில் இன்னும் வாய் திறக்காதது எனக்குப் புரியவே இல்லை.