பிள்ளைக்கு வாங்கிய முயல்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டி நிற்கின்றன. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் பேசுவது இங்கு பழைய வழக்கம். ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நாலாகி, முற்றம் என்று மிஞ்சியிருப்பது மோட்டார் சைக்கிள் நிறுத்தும் அளவுதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு கரையை ஒட்டியிருந்த குடும்பங்கள் பல உள்ளே வந்து குடியேறியதில் நெருக்கம் இன்னும் கூடியது. ஆடு கட்ட இடமில்லை. கோழியை அவிழ்த்து விட்டால் அயல்வீட்டோடு மனத்தாங்கல். நாயின் எச்சில் ஷாபிஈ மத்ஹபில் கடும் நஜீஸ் (அசுத்தம்) என்பதால் அதைப் பற்றிப் பேச்சே எழாது. ஆகவே பிள்ளை ஆசைப்படும் உயிர் பூனை, லவ் பேர்ட்ஸ், மீன், முயல் என்ற நாலில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளில், அழுகிற பிள்ளையைத் தேற்ற ஒரு சோடி முயல் வாங்கிக் கொடுப்பது சாதாரணமாகி வருகிறது.

இந்த வழக்கத்தின் நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். முயல் சத்தம் போடாது. தின்பது புல்லும் கீரையும். பெருநாள் கூட்டத்திலும் அயலவருக்குத் தொல்லையில்லை. இதற்கெல்லாம் மேலான நன்மை ஒன்று உண்டு. முயல் தன் தேவையைக் குரலால் கேட்பதில்லை. காது பின்னால் ஒட்டியிருக்கிறதா, மூக்கு துடிக்கிறதா, நேற்று வைத்த கங்குன் இன்னும் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் அதன் நிலையை அறிய வேண்டும். அப்படிப் பார்க்கப் பழகிய ஆறு வயதுப் பிள்ளை, வாய் திறந்து சொல்லாத தங்கச்சியின் காய்ச்சலையும் முதலில் கண்டுகொள்ளும். போனைக் கையில் கொடுத்துச் சோறூட்டும் வீடுகள் பெருகிவிட்ட காலத்தில் இதை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை.

மார்க்கத்திலும் இதற்கு அடித்தளம் இருக்கிறது. அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து பிள்ளை வாடியிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடமே அன்பாக விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். பிள்ளை பிராணியோடு விளையாடலாம், ஆனால் அதை வதைக்கக் கூடாது என்பதே அறிஞர்கள் இதிலிருந்து கொண்ட முடிவு. பூனையை அடைத்து வைத்து, தீனும் போடாமல் தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையும் இதே ஹதீஸ் கிரந்தங்களில்தான் இருக்கிறது. முதற் செய்தியை எடுத்துக்கொள்ளும் வீடு இரண்டாவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் முயல் வளர்ப்பு பிசகுவது அங்கேதான்.

மூன்று வயதுப் பிள்ளை அன்பைக் காட்டும் வழி கட்டிப்பிடிப்பது. முயலுக்கு, தன்னைத் தரையிலிருந்து தூக்கும் எதுவும் பருந்து. பிள்ளை அதன் முன்கால்களுக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்குகிறது. பின்னுடம்பு தாங்கலின்றித் தொங்குகிறது. முயல் திமிறிப் பின்கால்களால் ஓங்கி உதைக்கிறது. அதன் எலும்புக்கூடு உடல் எடையில் எட்டு வீதம் வருவதே அதிகம், பூனைக்கு அது பன்னிரண்டு வீதத்துக்கு மேல். இலேசான எலும்பு, பலத்த தொடைத்தசை. அந்த உதையிலேயே முயலின் இடுப்புக்கு மேல் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். பிள்ளையின் கையில் நகக்கீறல், முயலுக்குப் பின்கால் இரண்டும் விளங்காமை. காதைப் பிடித்துத் தூக்குவது இதைவிட மோசம். அதைப் பெரியவர்களும் செய்கிறார்கள், பிள்ளை பார்த்துப் பழகுகிறது.

இன்னொரு பழக்கத்தைப் பலர் விரும்பி வீடியோ எடுக்கிறார்கள். முயலை மடியில் மல்லாக்கக் கிடத்தி வயிற்றைத் தடவினால் அது அசையாமல் கிடக்கும். “பாருங்க உம்மா, முசல் நித்திர கொள்ளுது” என்று பிள்ளை பூரிக்கும். அது நித்திரையல்ல. பிடித்த மிருகம் செத்ததென்று நினைத்து விட்டுவிடட்டும் என உடல் விறைத்துக் கிடக்கும் கடைசி அச்சம் அது. அந்த நேரம் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் மாறுவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். முயல் வாய்விட்டுக் கத்துவது மிக அரிது. அது வலியை மறைத்தே பழகிய பிராணி. அடிபட்டதும் கத்தும் பிராணியிடமிருந்து பிள்ளை எல்லையைத் தானாகவே கற்றுக்கொள்ளும். முயலிடமிருந்து அப்படிக் கற்க வழியில்லை, பெரியவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. சாய்ந்தமருதில் நான் பார்த்த ஒரு மூத்தம்மா இதைச் சரியாகச் செய்தார். “தூக்காதங்க மகன், கீழ குந்துங்க, அது உங்கள்ட்ட வரும்” என்பதுதான் அவர் வீட்டுச் சட்டம். பேரன் பன்பாயில் சம்மணமிட்டிருக்க, முயல் வந்து அவன் சாரத்தின் ஓரத்தை மோந்துவிட்டுப் போனது. அவன் மூச்சடக்கி இருந்தான்.

நேரப் பொருத்தத்தை யாரும் யோசிப்பதில்லை. முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும், அதாவது சுபஹையும் மஃரிபையும் ஒட்டி. அப்போது பிள்ளை நித்திரையில் இருக்கும் அல்லது ஓதப் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளை முயலைத் தேடுவது பகல் இரண்டு மணிக்கு. முயல் நீட்டி நிமிர்ந்து கிடக்க விரும்பும் நேரம் அதுதான். வெயிலும் அப்போதுதான் உச்சம். முயலுக்கு வியர்க்காது. காதுகளின் வழியாகவே சூட்டை வெளியேற்றும். அதற்கு ஒத்த வெப்பம் 15 முதல் 21 பாகை, 28ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். இந்தக் கரையில் மாரி இரவில்கூட 21 பாகைக்கு இறங்குவது அரிது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் வைத்த கூடு அடுப்புக்குச் சமம். அந்த நேரத்தில் உறங்கும் முயலை எழுப்பி ஓடவிடுவது விளையாட்டாகாது. ஈரத்துணி சுற்றிய ஐஸ் போத்தலோ, பக்கவாட்டில் சாய்த்துவைத்த மண்பானையோ அதன் உயிரைக் காக்கும். பானைக்குள் ஈர மணல் பரப்பினால் இன்னும் நல்லது. அஸருக்குப் பின்பு பிள்ளைக்கும் முயலுக்கும் அரை மணித்தியாலம் ஒன்றாகக் கிடைத்தால் போதும்.

சாப்பாட்டில் கார்ட்டூன் செய்த கெடுதி பெரிது. கரட் முயலுக்கு இனிப்புப் பண்டம், அன்றாட உணவல்ல. பாண், பிஸ்கட், சோறு எதுவும் கூடாது. அதன் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நார் மிகுந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். குடலும் அந்த நாரால்தான் ஓடும். வெளிநாட்டில் காய்ந்த புல் கடையில் கிடைக்கிறது, இங்கு கிடைப்பது வைக்கோல். அது பல் தேய உதவும், சத்துக்குப் போதாது. அறுகும் கினிப் புல்லும் சேர்க்க வேண்டும். வயல் வரம்பில் அறுத்த புல்லென்றால், அங்கே எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்காமல் போடக்கூடாது. முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்து அருவருத்துத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. அது இரண்டாம் முறை செரிப்பதற்கான உணவு, தடுத்தால் முயல் மெலியும்.

நஜீஸ் விடயம்தான் முயலைக் கூட்டில் அடைப்பதற்கு முக்கியமான காரணம். உண்ண ஆகுமான பிராணியானாலும் அதன் சிறுநீரும் சாணமும் ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ். முயலின் சிறுநீர் தடிப்பானது, சில கீரைகளைத் தின்றால் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் போகும். உம்மா தொழும் இடத்தில் அது படக்கூடாது என்ற கவலை முற்றிலும் நியாயம். ஆனால் அதற்குக் கண்ட தீர்வு கோழிக்கூட்டின் அளவுள்ள பெட்டி. பிரித்தானியாவின் முயல் நல அமைப்பொன்று ஒரு சோடிக்கு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் அது ஓர் அறை. அவ்வளவு கொடுக்க இயலாதென்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முயல் ஒரு மூலையைத் தெரிந்தெடுத்து அங்கேயே கழிக்கும் பழக்கமுள்ளது. அந்த மூலையில் வைக்கோல் பரப்பிய தட்டை வைத்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடித்துவிடும். வளர்ந்த ஆண் முயல் எல்லை குறிக்க அங்கங்கே பீச்சுவதுண்டு, ஆகவே தொழும் அறைக்குள் அதை விடாமலிருப்பதே சரி. குசினியை ஒட்டிய தாழ்வாரத்தைத் தடுத்துக் கொடுத்தால் தொழுமிடம் சுத்தமாக இருக்கும், முயலும் ஓடும். கம்பிவலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும், வழுக்கும் டைல்ஸ் அதைக் கலவரப்படுத்தும். பழைய பன்பாய் ஒன்று இரண்டுக்கும் பரிகாரம், கொறித்தாலும் கேடில்லை. போன் சார்ஜரையும் ஃபிரிட்ஜ் வயரையும் மட்டும் எட்டாமல் கட்டிவிட வேண்டும். முயல் கடித்து அம்மணமான வயரை அடுத்துத் தொடுவது தவழும் பிள்ளை.

நோயைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. படர்தாமரையும் சிரங்குப் பூச்சியும் தொற்றலாம், கை கழுவுவதே பெரும்பாலும் போதும். முட்டு வருத்தமுள்ள பிள்ளையின் வீட்டுக்கு மாத்திரம் முயல் வேண்டாம்.

சோடியாக வாங்குவதில் நல்லெண்ணம் இருக்கிறது, முயல் தனிமையைத் தாங்காத பிராணிதான். ஆனால் குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது விற்கிறவருக்கே கடினம். நாலைந்து மாதத்தில் பருவமடைந்து, சினைப்பட்டால் 31 நாளில் ஈனும், ஈன்ற அன்றே மறுபடியும் சினைப்படும். 1859இல் அவுஸ்திரேலியாவில் ஒருவர் வேட்டைக்கென்று விட்ட சில முயல்களிலிருந்து ஒரு கண்டமே அல்லல்பட்டது. குயின்ஸ்லாந்தில் இன்றும் வீட்டில் முயல் வளர்ப்பது குற்றம். நமக்கு அந்த ஆபத்தில்லை, நம் குட்டிகளைக் கட்டெறும்பும் பூனையும் கீரியும் தின்றுவிடுகின்றன. பிள்ளை காலையில் அதைப் பார்க்கிறது. தாங்க முடியாதபோது வயல் வட்டைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கே வாழும் நம் காட்டுமுயல் வேறு இனம். அதன் குட்டி கண் திறந்து, உரோமத்தோடு பிறந்து, திறந்த வெளியிலேயே வளரும். வீட்டு முயல் ஐரோப்பாவின் வளை தோண்டும் இனத்தின் வழிவந்தது. வெள்ளை உடம்போடு அது ஒரு இரவைத் தாண்டுவதே அரிது. மிருகவதைக்கு எதிராக நம் நாட்டிலுள்ள சட்டம் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதை மாற்ற 2006இல் வரைந்த சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சட்டம் வந்து இந்த முயலைக் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

அப்படிக் கொண்டுபோய் விடாமல் அறுத்துவிடுகிற வீடுகளும் உண்டு. முயல் இறைச்சி ஹலால். அனஸ் (ரழி) பிடித்து வந்த முயலை அபூ தல்ஹா (ரழி) அறுத்து அதன் தொடையை நபியவர்களுக்கு அனுப்பினார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இந்த அபூ தல்ஹாதான் அபூ உமைரின் தந்தை. ஒரே வீட்டில் ஒரு பிராணி பிள்ளையின் தோழனாக இருந்தது, இன்னொன்று உணவானது. அந்த முயல் வெளியில் துரத்திப் பிடித்தது, யாரும் பெயர் வைத்து விளையாடியதல்ல. இறைச்சிக்கு வளர்ப்பதானால் அதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லி வளர்க்கலாம், அதில் வஞ்சகமில்லை. தோழன் என்று கொடுத்துவிட்டு, பிள்ளை ஓதப் போன நேரத்தில் அறுத்துக் கறியாக்கி, ஓடிப்போய்விட்டதென்று சொல்வது ஹலாலான இறைச்சியோடு ஒரு பொய்யையும் பரிமாறுவது. இதை நான் மிகக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பொறுப்பைக் கற்பிக்கத்தான் முயல் வாங்கினோம் என்பவர்களின் வாதத்தில் பாதி உண்மை. புல் வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் ஆறேழு வயதில் இயலும். ஆனால் நன்றாகக் கவனித்தால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் இருக்கும். நாலு வயதில் கேட்ட பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அது உயிரோடிருக்கலாம். அதுவரை தட்டைக் கழுவப்போவது உம்மா, நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பும்போது தண்ணீர் வைக்கப்போவது மூத்தம்மா. வாங்கியவர் கட்டாரில். ஆகவே வேலை யாருடையதோ முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். உம்மா வேண்டாமென்றால் பிள்ளை எவ்வளவு அழுதாலும் வாங்கக் கூடாது. அவர் சரியென்றால் முயல் அவருடையது, பிள்ளை அதன் விருந்தாளி.

அப்படி வாங்குவதானால் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியை வாங்காதீர்கள். அது தாய்ப்பால் மறக்காதது, குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைகள் சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு ஏற்றவை. ஆணா பெண்ணா என்பது அந்த வயதில் தெளிவாகத் தெரியும், பிள்ளையால் எளிதில் தூக்கவும் முடியாது. பணம் கொடுக்கும் முன் ஊரிலுள்ள மிருக வைத்தியரிடம் போய், முயலுக்கு மருந்து செய்வாரா என்று கேட்டுவிடுங்கள். இங்குள்ள அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழியை நம்பி நடப்பவை, மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனையில். முயல் அரை நாள் தின்னாமல் கிடந்தால் அது அவசர நோயாளி, மகியங்கனை வழியாகக் கண்டிக்குக் கொண்டுபோகும்வரை தாங்காது. செய்ய மாட்டேன் என்று வைத்தியர் சொன்னால் இந்த முறை மீன் தொட்டி வாங்கலாம்.