வெர்க்மன் தாள்களை எப்படி ரசிப்பது?

ஹெண்ட்ரிக் வெர்க்மன் அச்சடித்த தாளை முதல்முறை பார்க்கிறவர் அதில் வாசிக்க ஏதாவது இருக்கிறதா என்றுதான் தேடுவார். பெரிய பெரிய மர எழுத்துகள் சொல்லாகச் சேராமல் தூணாகவும் சக்கரமாகவும் நிற்கும். வாசிப்பதை விட்டுவிட்டு, இதில் எது முதலில் விழுந்தது, அதன்மேல் எது ஏறியது என்று பாருங்கள். தாள் மெல்லப் பிடிபடும்.

வெர்க்மன் தொழில்முறை அச்சகக்காரர். நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் நகரில் இருபது பேருக்குமேல் வேலைபார்த்த அவரது அச்சகம் 1923-இல் நொடித்துப்போனது. மிஞ்சிய சாமான்களோடு ஒரு கிடங்கின் மாடிக்குப் போனார். நோட்டீசு அடித்துப் பிழைக்க வேண்டிய அந்த நேரத்தில், யாரும் கேட்காத ‘தி நெக்ஸ்ட் கால்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார்! 1926 வரை ஒன்பது இதழ்கள் வந்தன. முதல் இதழில் ஆங்கில ‘ஈ’ போலத் தெரியும் ஓர் உருவம் எழுத்தே இல்லை. கதவுப் பூட்டின் தகட்டில் மை தடவி அழுத்தியது.

வழக்கமான அச்சில் எழுத்துகளைக் கோத்து, சட்டத்தில் இறுக முடுக்கி, ஒரே சீராக மை பூசுவார்கள். வெர்க்மன் இதைத் தலைகீழாக்கினார். கைஅச்சு இயந்திரத்தில் தாளை மல்லாக்க வைத்து, மை பூசிய மரத்துண்டை அதன்மேல் கவிழ்த்து அழுத்துவார். பிறகு அடுத்த துண்டு, அடுத்த நிறம். சில இடங்களில் மை உருளையையே தாளில் ஓட்டுவார். உருளையின் விளிம்பால் கோடு போடுவார். இப்படி உருவான தனித்தாள்களுக்கு ‘ட்ருக்சல்’ என்று பெயர் வைத்தார்.

ஆகவே கிட்டப்போய்ப் பாருங்கள். மை மெலிந்த இடத்தில் மரத்தின் ரேகை தெரியும். உருளை ஓடிய பட்டை ஒரு முனையில் அடர்ந்து மறுமுனையில் வெளிறியிருந்தால், கை எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம். ஒரு நிறம் இன்னொன்றின்மேல் ஏறிய இடத்தில் பிறந்த மூன்றாவது நிறத்தையும் தவறவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் அவரது உச்சம் 1942-43-இல் வந்த ஹசிதிய யூதக் கதைப் படங்கள்தான். மார்ட்டின் பூபர் தொகுத்த கதைகளுக்காக, உருளையும் வெட்டிய ஸ்டென்சிலும் கொண்டு செய்த இருபது தாள்கள். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த நாட்டில், யூதர்களை நாடுகடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில், ‘நீலப் படகு’ என்ற சிறு பதிப்பகத்துக்காக அவற்றை அச்சிட்டார். 1945 மார்ச்சில் கைதானார். ஏப்ரல் 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் குரோனிங்கன் விடுதலையானது. பறிமுதலான அவரது படைப்புகள் பல அந்தச் சண்டையின் தீயில் போயின.

அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலைக் அருங்காட்சியகத்தில் அவருக்குக் கண்காட்சி வைத்தவர் வில்லெம் சாண்ட்பெர்க். அவரும் வடிவமைப்பாளர். அவர் வடிவமைத்த பட்டியல் நூல்களில் வரும் கிழித்த காகித வடிவங்களிலும் முரட்டுத் தாள்களிலும் வெர்க்மனின் துணிச்சல் தெரிகிறது. இன்று கணினியில் கிடைக்கும் ‘தேய்ந்த’ எழுத்துருக்களை வெர்க்மனின் வாரிசு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவற்றில் எத்தனை முறை அடித்தாலும் தேய்மானம் ஒரே இடத்தில்தான் இருக்கும். வெர்க்மனின் ஒரே இதழில் இரண்டு பிரதிகள்கூட ஒன்றுபோல் இருக்காது.