ஹெக்கோட்டு அரங்கும் அதன் அவையும்

நாடகம் நகரத்தின் கலை, கூத்து நாட்டுப்புறத்தின் கலை எனப் பிரித்துரைக்கும் வழக்கம் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்துவருகின்றது. நகரத்தார் சீட்டு வாங்கி இருக்கையில் அமர்ந்து பார்ப்பர். சிற்றூரார் திருவிழாக் காலத்தில் பாய் விரித்து விடியுமட்டும் பார்ப்பர் என்பதே இப்பிரிவினையின் அடிப்படை. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராயப் புகுவார்க்கு, கருநாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்துச் சாகர வட்டத்தில் உள்ள ஹெக்கோடு என்னும் சிற்றூரின் நாடக அரங்கு தக்கதொரு சான்றாகும். மலைச்சாரலில் பாக்குத் தோட்டங்கள் சூழ அமைந்த அவ்வூரில், பெருநகரங்களிலும் காண்டற்கரிய நாடகங்கள் ஆண்டுதோறும் மேடையேறி வருகின்றன.

1949ஆம் ஆண்டில் அவ்வூரார் சிலர் ஒன்றுகூடி நாடகச் சங்கம் ஒன்றை நிறுவினர். ஊர்த் தெய்வத்தின் பெயரால் அது நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் எனப் பெயர் பெற்றது. பெயரின் முதலெழுத்துகள் இணைந்து பின்னாளில் நீநாசம் என்பதே வழக்காயிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் கே. வி. சுப்பண்ணா (1932-2005). கல்லூரிப் படிப்பை முடித்தபின் நகரத்தில் தங்கிவிடாது பாக்குத் தோட்டத்துக்கே திரும்பியவர். நூல் வெளியீட்டாளர், மொழிபெயர்ப்பாளர். அவர் ஆற்றிய பணிக்கு 1991ஆம் ஆண்டின் மகசேசே விருது கிட்டிற்று. விருதைவிட நாடக மாணவர் கருதத்தக்கது வேறொன்று. சங்கம் தோன்றியது 1949இல். அரங்கக் கட்டடம் எழுந்தது 1972இல். இடைப்பட்ட 23 ஆண்டுகள் கட்டடமின்றியே கழிந்தன. நாடகம் முன்னே வந்தது, மண்டபம் பின்னே வந்தது. பிற ஊர்களில் பெரும்பாலும் மண்டபம் எழுந்த பின்னரே அதில் என்ன நடத்துவது என்னும் எண்ணம் பிறக்கின்றது. அத்தகைய மண்டபங்கள் சின்னாளில் திருமணத்துக்கும் பாராட்டு விழாவுக்கும் உரியனவாகிவிடுதல் மலேசியத் தோட்டப்புறங்களை அறிந்தவர்க்கும் புதிய செய்தியன்று.

அரங்கிற்கு இடப்பட்ட பெயரும் நோக்கத்தக்கது. பொருள் கொடுத்த செல்வர் பெயரோ, திறந்து வைத்த அமைச்சர் பெயரோ அதற்கு இல்லை. கன்னட நாவலாசிரியரும் யட்சகானக் கலையின் ஆய்வாளருமான சிவராம காரந்தின் பெயரை, அவர் வாழ்ந்த காலத்திலேயே அது தாங்கிற்று. யட்சகானம் அவ்வட்டாரத்தின் சொந்தக் கலை. அறுவடை முடிந்த வயலில் இரவு முழுதும் ஆடப்படுவது. பாகவதர் பாட, மத்தளமும் செண்டையும் முழங்க, அவர் குரலுக்கு இணங்கவே ஆடுவோர் அடியெடுத்து வைப்பர். அங்கே பாட்டே தலைவன். நடிகர் அதன் ஏவலர். இரண்டு மணி நேரத்தில் முடியும் மேடை நாடகத்திலோ இம்முறை தலைகீழாகின்றது. உரையாடல் முன்னுக்கு வர, பாடகர் மேடையின் ஓரத்துக்கு நகர்கின்றார். யட்சகானத்தில் ஊறிய அவை இம்மாற்றத்தை எங்ஙனம் ஏற்றது என்பதே ஹெக்கோட்டு முயற்சியின் கடினமான பகுதி எனலாம்.

இதற்குரிய விடையின் ஒரு கூறு, கன்னட நாடக இசையில் பி. வி. காரந்த் (1929-2002) விளைத்த மாற்றத்தில் உள்ளது. முன்னவரினும் வேறான இக்காரந்த், சிறுவயதில் குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றவர். அக்குழுக்களில் பாட்டு மிகுதி. கதாநாயகன் சாகுந் தறுவாயிலும் அவை விரும்பினால் மீண்டும் எழுந்து பாடவேண்டும். சங்கரதாசு சுவாமிகள் காலத்துத் தமிழ்மேடையைக் கற்றவர்க்கு இது நன்கு விளங்கும். காரந்த் அவ்வளத்தை இழக்காமல் அதன் தளர்ச்சியை நீக்கினார். நடிகர் அனைவருமே பாடினர். பாட்டு நிகழ்ச்சியை நிறுத்தாது அதனை நடத்திச் சென்றது. இந்நெறியின் செல்வாக்கு ஹெக்கோட்டு மேடையிலும் தெளிவாகத் தெரியும். ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் விடுதல் திறனாய்வு ஆகாது. இத்தகைய பாடல்கள் மேடையை விட்டுப் பிரிந்து தனியே கச்சேரிப் பொருளாகப் பாடப்படுகின்றன. செவிக்கு இனியனவே, ஆனால் எந்த நெருக்கடியில் எந்தப் பாத்திரம் பாடியது என்பது மறைந்துபோக, நாடகப் பாட்டு மெல்லிசையாகச் சுருங்கிவிடுகின்றது.

இனி, நாடகத் தேர்வு. காளிதாசனும் சேக்சுபியரும் செகாவும் பிரெக்டும் கன்னடத்தில் அவ்வரங்கேறினர். சிற்றூராருக்கு எளியது போதும், நகைச்சுவை இருந்தால் கூட்டம் சேரும் என்று எண்ணுவோர் உண்டு. மாணவர்க்கு நாடகம் எழுதும் ஆசிரியர் பலரிடமும் இவ்வெண்ணம் குடிகொண்டுள்ளது. சுப்பண்ணா அதனை ஏற்றிலர். விடியும்வரை புராணக் கதையின் நுண்ணிய தருக்கங்களைக் கேட்டுச் சுவைத்த உழவர்க்குச் சேக்சுபியரின் உட்போராட்டம் எட்டாது என்பது அறியாமையன்றி வேறென்ன? அயலான பெயர்களும் பழக்கங்களும் தொடக்கத்தில் தடையாகத் தோன்றினும், நல்ல மொழிபெயர்ப்பு அத்தடையைப் பெரிதும் அகற்றும்.

1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. 1985இல் ‘திருகாட்ட’ என்னும் சுற்றுலாக் குழு அமைந்தது. சுற்றித் திரிதல் என்னும் பொருளுடைய அச்சொல், யட்சகானக் குழுக்கள் ஊர்தோறும் செல்லும் பயணத்தைக் குறிக்க முன்னரே வழங்கியது. பழஞ்சொல்லை எடுத்தாண்டமை பொருத்தமே. ஆண்டுதோறும் புதிய நாடகங்களைப் பயின்று கருநாடகத்து ஊர்களுக்கு அக்குழு கொண்டுசெல்கின்றது. நாளுக்கோர் ஊராக மாறும் மேடையில் கனத்த காட்சித் திரைகளுக்கு இடமில்லை. பெட்டியொன்று அரியணையாகவும் ஓடமாகவும் மாறும். வண்டியில் ஏற்றியிறக்கும் தேவை கற்பனைக்கு இடம் தந்தது.

ஆயின் பயிற்சி பெற்றோர் பல ஊர்களுக்கும் பரவியபோது, குழுவாக நின்று பாடுதலும் உடலசைவாலேயே காட்சி அமைத்தலும் ஒரு வார்ப்பாகிவிட்டன என்னும் குற்றச்சாட்டை முற்றிலும் புறக்கணித்தல் இயலாது. எந்த நாடகமாயினும் ஒரே அசைவு, ஒரே எடுப்பு என்றால், ஆசிரியரின் தனிக்குரல் இயக்குநரின் பழக்கத்தில் அமிழ்ந்துவிடும்.

இவ்வார்ப்புக்கு மாற்றும் அவ்வூரிலேயே உள்ளது. அக்டோபர்த் திங்களில் நடைபெறும் பண்பாட்டு முகாமில் மாலையில் நாடகம் நிகழும். மறுநாட் காலையில் அதே நாடகத்தைப் பற்றிய கலந்துரையாடல் நிகழும். இயக்குநர் அமர்ந்திருக்க, பார்த்தவர் வினவுவர். முதற்பகுதி ஏன் நீண்டது, அந்தப் பாட்டு அங்கே எதற்கு, மூலத்தில் இல்லாத காட்சியைச் சேர்த்தது தகுமா என்னும் வினாக்களுக்கு அவர் விடை கூறவேண்டும். வினவுவோருள் பேராசிரியரும் உளர், மாணவரும் உளர், பள்ளி ஆசிரியரும் உளர். இரவில் கைதட்டியவரே காலையில் குறை காண்பதும் உண்டு.