காப்பு நூலும் கோயில் அண்ணனும்

சிராவணப் பௌர்ணமி நம்மில் யஜுர்வேதிகளுக்கு உபாகர்ம நாள். வடநாட்டில் அதுவே ரக்ஷாபந்தனம். தங்கை தமையன் கையில் நூல் கட்ட, அவன் அவளைக் காப்பதாக வாக்களிக்கிறான். இவ்வழக்கம் இன்று தமிழ்நாட்டிலும் காணப்படுகிறது. உடன்பிறப்பின் அன்பைப் போற்றும் நாளைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதற்குப் பிரமாணமாகச் சொற்பொழிவுகளில் கூறப்படும் கதை ஒன்று ஆராயத்தக்கது. கண்ணனின் விரலில் குருதி கசிந்தபோது திரௌபதி தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள் என்றும், அதற்குக் கைம்மாறாகவே கௌரவர் சபையில் அவன் புடவை சுரந்தான் என்றும் அக்கதை சொல்லும். மஞ்சக்குப்பம் தொடங்கிச் சிதம்பரம் வரையுள்ள நம் வட்டாரம் திரௌபதியம்மன் கோயில்கள் மிகுந்தது. பாரதம் படித்துத் தீ மிதிக்கும் இம்மக்கள் அவளைக் கண்ணனின் தங்கையாகவே கொள்வர். ஆதலால் இக்கதை இங்கு எளிதில் வேரூன்றும்.

வியாஸ பாரதத்தில் இக்கதை இல்லை. அதுமட்டுமன்று, பாரதத்தின் கருத்துக்கும் இது மாறானது. உத்யோக பர்வத்தில் ஸஞ்ஜயனிடம் பேசும் கண்ணன், தொலைவிலிருந்த தன்னைத் திரௌபதி பெயர்சொல்லி அழைத்ததை இன்னும் தீராமல் பெருகிவரும் கடனாக நினைக்கிறான். புடவை சுரந்து பல ஆண்டுகள் கழிந்த பின்பும் அவன் தன்னைக் கடன்பட்டவனாகவே கருதுகிறான். கந்தலுக்குக் கைம்மாறு புடவை என்றால் கணக்கு அன்றே நேராகியிருக்கும். அவன் நெஞ்சு உறுத்தக் காரணமிராது. சரணாகதியை வியாஜம் என்று கொள்ளும் ஆசார்யர்களும் அதைக் கூலிக்குரிய வேலையாகக் கொள்வதில்லை. இக்கதையோ அதைக் கூலியாகவே ஆக்கிவிடுகிறது.

இரண்டாவது தடை இதனினும் பெரிது. தமையன் ரக்ஷகன் ஆவானா? பிள்ளை லோகாசார்யர் ப்ரபந்ந பரித்ராணத்தில் ஈசுவரனை ஒழிந்த எவரும் ரக்ஷகரல்லர் என்று நிறுவுகிறார். உடன்பிறந்தார் ரக்ஷகரல்லர் என்பதற்கு அவர் காட்டும் சான்று வாலியும் இராவணனும். கணவர் ரக்ஷகரல்லர் என்பதற்குச் சான்று அதே திரௌபதியின் சபை. நம் முன்னோர் எந்த நிகழ்ச்சியைக் கொண்டு மனித ரக்ஷகத்வத்தை மறுத்தார்களோ, அதையே மனித ரக்ஷகத்வத்துக்குச் சான்றாக்குவது முரண்.

அப்படியானால் உடன்பிறப்புக்கு ஸம்ப்ரதாயத்தில் இடமில்லையா? பிதா, ரக்ஷகன், சேஷி, பர்த்தா, ஜ்ஞேயன், ஸ்வாமி, ஆதாரம், ஆத்மா, போக்தா என்று எம்பெருமானோடு ஜீவனுக்குச் சொல்லப்படும் ஒன்பது உறவுகளில் அது இல்லை. ஆனால் அடியார்க்கும் அடியார்க்கும் இடையே அது உண்டு. அதற்கு நிலைத்த சான்று ஆண்டாளும் எம்பெருமானாரும்.

நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழியின் ஆறாம் பாசுரத்தில், மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஆண்டாள் வாயால் நேர்ந்தாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் 1017இல் அவதரித்த எம்பெருமானார் அவற்றை அழகருக்கு அமுது செய்வித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் சேர, ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்ததாகக் குருபரம்பரை கூறும். அதனால் அவர் ‘கோயில் அண்ணன்’ ஆனார். காலத்தால் மூத்தவள் தங்கையாகவும் பின் வந்தவர் தமையனாகவும் ஆயினர். இம்முறையை அமைத்தது கைங்கர்யமே.

இந்நிகழ்ச்சியைத் தங்கையின் கடனைத் தமையன் அடைத்ததாகச் சொல்லி முடிப்பது வழக்கம். அடுத்த பாசுரத்தை நோக்கினால் அம்முடிவு நில்லாது. அழகர் இன்று வந்து இவற்றைக் கொள்வாராகில், ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுப்பேன், பின்னும் ஆட்செய்வேன் என்கிறாள் ஆண்டாள். கொடுக்கக் கொடுக்க வளரும் நேர்த்தி அது. எம்பெருமானார் அக்கடனைத் தீர்த்தவரல்லர், அதில் பங்கு கொண்டவர். ஆண்டாள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவரும் எதையும் வாக்களிக்கவில்லை. இருவர் பார்வையும் அழகர்மீதே இருந்தது. ஒரு சேஷிக்கு இருவரும் சேஷப்பட்டமையே அவர்களை உடன்பிறப்பாக்கியது. இன்றும் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று அக்காரவடிசில் அமுது செய்யப்படுவது, அந்நேர்த்தி முடியாததை நினைவூட்டுவதாகவே தோன்றுகிறது.

அதற்குச் சில நாட்களில், தை 2ஆம் நாள் வருவது நம் பெண்கள் வைக்கும் கனுப்பிடி. மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றைப் பிடிபிடியாகப் பறவைகளுக்கு வைத்து, உடன்பிறந்தார் வாழ வேண்டுமென்று அவர்கள் வேண்டுகிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து சீர் வருவதுண்டு. ஆயினும் முதலில் நிகழ்வது தங்கையின் வாழ்த்தே. பவிஷ்ய புராணத்திலும் ரக்ஷையைக் கட்டுபவள் இந்திராணி, கட்டப்படுபவன் இந்திரன். மெலியவள் வலியவனுக்குக் காப்பிடுகிறாள். அன்பு மிகுந்த நிலையில் ரக்ஷ்ய ரக்ஷக பாவம் இடம் மாறும் என்று ஸ்ரீவசன பூஷணம் மங்களாசாஸனத்துக்குச் சொல்லும் ந்யாயம் இங்கும் பொருந்தும். திருப்பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரின் மகளுக்கு இது பிறந்தகத்துச் சொத்து.

ஆகவே நூல் கட்டும் வழக்கத்தை ஏற்பவர்கள் அதன் பொருளை மட்டும் திருத்திக்கொள்ளலாம். நூல் கட்டுபவள் பாதுகாப்பை விலைக்கு வாங்கவில்லை, மங்களாசாஸனம் செய்கிறாள். கட்டப்படுபவன் ரக்ஷகன் பதவியை ஏற்கவில்லை. அவள் தொடங்கிய கைங்கர்யம் எது, தான் ஏற்கவேண்டிய பங்கு எது என்று தேடும் கடமையை ஏற்கிறான். காப்பவன் ஒருவனே, உடன்பிறந்தார் அவனுக்குச் சேர்ந்து தொண்டு செய்பவர்கள்.