கடதாசியின் மணமும் எழுத்தின் ஆயுளும்

புத்தகப் பிரியன் ஒருவன் மின்வாசிப்பான் வாங்கிவிட்டால், அவனைக் கட்சி மாறியவனைப் போலப் பார்க்கும் வழக்கம் நமது இலக்கிய நண்பர்களிடையே உண்டு. நானும் அப்படிப் பார்த்தவன்தான். "கடதாசியின் மணம் அதில் வருமா?" என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். இன்று என் மேசையிலும் ஒன்று இருக்கிறது.

மணத்தைப் பற்றிப் பேசுவோம். ஆசிரியர் கலாசாலைக் காலத்தில் வயிற்றைக் கட்டி நான் வாங்கிய நூல்களை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. உப்புநீரில் ஊறி ஒட்டிப்போன கடதாசியின் மணம் எப்படியிருக்கும் என்பதைக் கரையோர வாசகர்கள் அறிவார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் புத்தக அலுமாரியைச் சுமந்துகொண்டா வந்தார்கள்? கடதாசியை நேசிப்பது வேறு, அதை மட்டுமே நம்பியிருப்பது வேறு.

நமது எழுத்தாளர்கள் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் அச்சிடுகிறார்கள். பாதி அன்பளிப்பாகப் போய்விடும், மீதி கட்டிலின் கீழ் கறையானுக்கு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இந்தக் கதையை மாற்றின. நகரத்து நூலகத்துக்குப் போக வழியற்ற கிராமத்து வாசகனுக்கு இது சிறிய விடயமல்ல.

ஆனாலும் இந்தக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ என்னால் முடியாது. மின்மைத் திரை கண்ணைக் கூசவைப்பதில்லை என்பது உண்மை. எழுத்தைப் பெரிதாக்கலாம், நாற்பதைக் கடந்த கண்களுக்கு அது பேருதவி. ஆனால் நமது பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கங்களின் படங்களாகவே கிடைக்கின்றன. ஆறங்குலத் திரையில் அவை எறும்பு ஊர்வது போலத் தெரியும். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. 2009இல் அமேசான் நிறுவனம், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெலின் நாவல்களை அவர்களது கிண்டில்களிலிருந்து தானாகவே அழித்தது. பின்னர் மன்னிப்புக் கேட்டது. விற்ற புத்தகத்தை எடுத்துப்போகக் கடைக்காரர் வீட்டுக்குள் வருவாரா? நான் இலக்கியத்துக்கு வந்தது இரவல் நூல்களால். என் மாணவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். பூட்டுப் போட்டு விற்கப்படும் மின்னூலை நினைத்தபடி இரவல் கொடுக்க முடியாது.

ஆகவே கருவியை வரவேற்போம், அதன் கடையை அளவோடு நம்புவோம். நமது எழுத்தாளர்களிடம் எனது வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் நூலின் தட்டச்சுப் பிரதியை அச்சகத்தின் கணினியிலேயே விட்டுவிடாதீர்கள். ஒருங்குறியில் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். உயிரோடிருக்கும்போதே எண்ணிம நூலகத்துக்கு அனுமதி கொடுங்கள். நமக்குப் பின் பிள்ளைகள் அலுமாரியைத் துப்புரவு செய்யும் நாளில், நமது எழுத்து அங்கே மட்டும் இருந்துவிடக்கூடாது.