அடிக்கு முந்தைய மௌனம்

ராயப்பேட்டை மியூசிக் அகாடமியில் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்குத் தெரியும், மிருதங்கத்தில் அடி விழும் முன் உள்ள சின்ன மௌனமும் இசைதான். ஒலிப்பதிவை எம்பி3 ஆக்கும்போது முதலில் கெடுவது அதுவே. அடி விழுவதற்குள் அதன் இரைச்சல் முன்னே கசிந்துவிடும்.

எம்பி3 ஆக்கும் 'லேம்' என்ற திறமூல மென்பொருள் இதைக் கையாளும் விதம் எனக்கு மிகப் பிடிக்கும். திடீர் அடி வருவதை உணர்ந்ததும் 576 கூறுகள் கொண்ட துண்டை 192 வீதம் மூன்றாக நறுக்குகிறது. இரைச்சல் பரவ இடமில்லை. தம்புராவின் ரீங்காரத்துக்கோ நீளத் துண்டுதான் நல்லது. எங்கே எதை வெட்டுவது என்ற இந்தத் தீர்மானம், செவியறிந்த கலை.

லேமை 1998-ல் மைக் செங் தொடங்கினார்; மார்க் டெய்லர் முதலானோர் வளர்த்தார்கள். எந்த இடத்தில் ஒலி பிசிறுகிறது என்று கேட்பவர்கள் சுட்டிக்காட்ட, பெயர் மறைத்து ஒப்பிட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். பொறுமையான, கூலியில்லாத உழைப்பு அது.

உங்கள் வீட்டில் பழைய கச்சேரி ஒலிநாடா இருந்தால், எதையும் இழக்காத ஃபிளாக் வடிவில் மூலப்பிரதி ஒன்றை எடுத்துவையுங்கள். பிறகு, கைப்பேசியில் கேட்க லேமிடம் கொடுங்கள்.